காருக்கு ஏழு பேண்ட் ஈக்வலைசர்: வாங்குவதிலிருந்து எண்ணூர் ரோட்டில் ஓட்டிக் கேட்பது வரை

எங்கள் மாமா தண்டையார்பேட்டையில் பழைய வேகன் ஆர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த வண்டியின் முன்பக்க ட்வீட்டர்கள் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்கள்) இரண்டும் ஆறு மாதத்துக்குள் அடுத்தடுத்து செத்துப்போயின. இரண்டாவது ஜோடி மாற்றும்போதுதான் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், புதிதாக மாட்டியிருந்த ஏழு பேண்ட் ஈக்வலைசரில், அதாவது கீழ் ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை ஏழு பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி நாப்பால் கூட்டிக் குறைக்கும் பெட்டியில், இரண்டு ஓரத்து நாப்களும் கடைசி வரைக்கும் ஏற்றித் திருகியிருந்தன. நடுவில் இருந்தவை அத்தனையும் கீழே. மாட்டிக்கொடுத்த கடையில் அப்படியே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "மொத நாளு சூப்பரா இருந்துச்சுடா. அப்பறம் கரகரன்னு ஆயிடுச்சு" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் நாலு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்தோம். அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மற்ற எல்லாப் படிகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஈக்வலைசர் சத்தத்தை ஏற்றுவதற்கான பெட்டி இல்லை. வண்டிக்குள் தேவைக்கு மேல் முட்டி நிற்கும் சத்தத்தை இறக்குவதற்கான பெட்டி.

ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். 3 டெசிபல் ஏற்றினால் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பவர் இரண்டு மடங்கு. 6 டெசிபல் என்றால் நாலு மடங்கு. 12 டெசிபல் என்றால் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. பாட்டு 5 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாப்பை 12 டெசிபலுக்குத் திருகினால், அந்த இடத்தில் மட்டும் 80 வாட் கேட்கும். ஸ்டீரியோவின் முகத்தில் "50 வாட் x 4" என்று எழுதியிருந்தாலும் அது ஒரு நொடித் துள்ளலுக்கான கணக்கு. சாதாரண செட்டுக்குள் இருக்கும் சிப் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்குச் சுமார் 15 வாட், மிஞ்சிப்போனால் இருபது சொச்சம். இல்லாத பவரைக் கேட்டால் அலையின் தலை சப்பையாக வெட்டுப்பட்டு வரும். அந்த வெட்டுதான் கரகரப்பு. வெட்டுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் புதிதாகக் கிளம்பி ட்வீட்டருக்குள் போய் அதன் மெல்லிய சுருளைச் சூடாக்கும். மாமாவின் ட்வீட்டர் செத்தது இப்படித்தான்.

வாங்குவதற்கு முன்: உங்கள் வண்டியில் ஆம்ப் இருக்கிறதா?

கடையில் பணம் கொடுத்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே வருகிறது. இன்று விற்கும் ஏழு பேண்ட் ஈக்வலைசர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பீக்கரை ஓட்டும் பலம் கிடையாது. அவை ஸ்டீரியோவுக்கும் ஆம்புக்கும் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்தி அனுப்பும், அவ்வளவுதான். தனி ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவிலிருந்து நேரே ஸ்பீக்கருக்கு ஒயர் போகும் வண்டியில் இதை மாட்ட இடமே இல்லை.

ஆம்ப் இல்லையென்றால் முதலில் செட்டிங்ஸ் மெனுவைத் திறந்து பாருங்கள். இப்போது வரும் ஆண்ட்ராய்டு திரை செட்டுகளில் பல பேண்ட் ஈக்வலைசர் உள்ளேயே இருக்கும். பாட்டு எப்போதும் போனிலிருந்துதான் வருகிறதென்றால் போனிலேயே ஈக்வலைசர் வசதி உண்டு. கீழே சொல்லும் ட்யூனிங் முறை அதற்கும் அப்படியே பொருந்தும், பைசா செலவில்லை. அதையும் தாண்டி வேண்டும் என்றால் சின்ன நாலு சேனல் ஆம்பும் ஈக்வலைசரும் சேர்த்து வாங்குங்கள். ஈக்வலைசரை மட்டும் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

வடசென்னையிலிருந்து இதற்காகப் போகும் இடங்கள் நமக்குப் பழக்கமானவைதான். புதுசு என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஒயர், டெர்மினல், ஃப்யூஸ் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு ரிச்சி தெரு. பழைய செட்டைக் கழற்றி விற்பது புதுப்பேட்டை. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1960களில் தொடங்கிய பர்மா பஜார் இருக்கிறது. அங்கே வாங்கினால் அங்கேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை மூன்று. உயரம் அரை டின் (டின் என்பது கார் ஸ்டீரியோவுக்கான நிலையான அளவு) அளவில், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அப்போதுதான் டேஷ்போர்டின் கீழே ஒட்டியபடி மாட்டலாம். நாப்பைத் திருகும்போது நட்ட நடுவில் 'டிக்' என்று ஒரு நிறுத்தம் வர வேண்டும். அது இல்லாவிட்டால் இருட்டில் எது சைபர் என்று தெரியாது. மூன்றாவது, உங்கள் ஸ்டீரியோவின் பின்னால் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் வட்ட ஜாக்) இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் ஈக்வலைசரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய பிராண்ட் பெயர் அவசியமில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் வரும் பெட்டியே போதும், மற்ற வேலைகள் சரியாக இருந்தால்.

கதவைத் தட்டிப் பாருங்கள்

ஈக்வலைசரால் திருத்த முடியாத கோளாறுகள் உண்டு. அவற்றை முதலில் ஒழித்துவிட வேண்டும்.

ஒன்று பிளஸ் மைனஸ் மாறிக் கிடப்பது. இடது ஸ்பீக்கர் முன்னே தள்ளும் நேரத்தில் வலது ஸ்பீக்கர் உள்ளே இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், பேஸ், அதாவது கீழ் ஒலி, காணாமல் போகும். ஈக்வலைசரில் மிகக் கீழ் ஒலிக்கான 50 ஹெர்ட்ஸ் நாப்பை எவ்வளவு ஏற்றினாலும் வராது. சோதிக்கச் சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் கழற்றி, பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் அந்த ஒயர் தலைகீழ். மாமா வண்டியில் பின் வலது ஸ்பீக்கர் இப்படித்தான் இருந்தது.

இன்னொன்று கதவு. ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்தால் பேஸ் கரைந்துவிடும். கதவுக்குள் இருக்கும் பெரிய ஓட்டைகளைப் பிட்டுமன் (தார்) ஷீட்டால் மூடி, ஸ்பீக்கர் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் வளையம் வையுங்கள். ஷீட் ஒட்டுவதற்கு முன் தகட்டை விரலால் தட்டினால் 'டங்' என்னும். ஒட்டிய பிறகு 'தொப்' என்னும். தண்ணீர் வடிய கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், நம் ஊர் மழைக்கு அவை வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஈக்வலைசருக்குக் கொடுப்பதைவிட அதிகம்.

ஒயரிங்

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையோ போட்ட ஒயர்க்கட்டு தென்பட்டால் அதைத் தொடவே கூடாது.

ஸ்டீரியோவின் பின்னால் வழக்கமாக மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். சிவப்பில் சாவி திருப்பினால்தான் வரும். கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ரிமோட், அதாவது செட் ஆன் ஆனதும் ஆம்பை எழுப்பும் ஒயர். வண்டி ஏற்கெனவே பலர் கை பட்டதென்றால் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள். ஈக்வலைசருக்குச் சிறிய ஃப்யூஸ் போட்டு, சாவி போட்டால் வரும் லைனிலிருந்து கரண்ட் கொடுங்கள். மஞ்சளில் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஓடிப் பேட்டரியை இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஆம்புக்கு வேண்டிய ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரணும். பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கணும், இதில் சமரசமே கிடையாது. அந்த ஒயர் எங்காவது தகட்டில் உரசினால் வண்டியைக் காப்பாற்றுவது அந்த ஃப்யூஸ் ஒன்றுதான். ஒயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே தடிமனில் கரண்ட் குறைவாகத்தான் போகும்.

பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கம் போனால் ஆர்சிஏ கேபிள் மறுபக்கம் போகட்டும். ஸ்டீரியோ அவுட்டிலிருந்து ஈக்வலைசர் இன், ஈக்வலைசர் அவுட்டிலிருந்து ஆம்ப். இடது வலது, முன் பின் மாறாமல் இருக்க கேபிளின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது கடலோரம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ராத்திரி வெளியில் நிற்கும் வண்டியின் மேல் உப்புக் காற்று படிந்தபடியே இருக்கிறது. பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கினால் முதல் வாரம் ஓடும். பிறகு அடியில் துரு ஏறும், செம்பு பச்சை பிடிக்கும், ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று இரைச்சல் கிளம்பும். அந்த இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிய வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடுங்கள். ஸ்டீரியோ, ஈக்வலைசர், ஆம்ப் மூன்றுக்கும் முடிந்தால் எர்த் ஒரே புள்ளியில்.

ஆம்பைத் தரையில் கார்ப்பெட் மேல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற வண்டிக்குள்ளேயே தண்ணீர் ஏறியது. பின் சீட்டின் முதுகில் ஒரு பலகை அடித்து அதில் மாட்டுங்கள். சூடும் தணியும், தண்ணீரும் தொடாது.

கெய்ன் வைப்பது

ஆம்பில் இருக்கும் கெய்ன் நாப் வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கும் ஆம்ப் எதிர்பார்க்கும் சிக்னலுக்கும் அளவு பொருத்துவது அது. ஈக்வலைசரின் எல்லா நாப்பும் நடுவில், ஸ்டீரியோவின் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் சைபரில். ஆம்பின் ஃபில்டரும் ஆஃப்.

ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலி உள்ள ஃபைலைப் போனிலோ பென்டிரைவிலோ போட்டு ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 50ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 14.1 வோல்ட். கெய்னைக் கீழிருந்து மெல்ல ஏற்றி அந்த எண்ணுக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுக்காததற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது.

மீட்டர் இல்லையென்றால் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, வால்யூம் முக்காலில் இருக்க, கெய்னை ஏற்றிக்கொண்டே போங்கள். குரல் லேசாகக் கிழிகிற இடம் வந்ததும் நன்றாகவே பின்வாங்கிவிடுங்கள். மாமா வண்டியில் கெய்ன் முழுசுக்கு இருந்தது. பாதிக்குக் கீழே கொண்டுவந்ததுமே பாதிக் கரகரப்பு போய்விட்டது.

பிறகு ஸ்பீக்கரை மாட்டி, கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு, கீழ் ஒலியை வெட்டும் ஆம்பின் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போடுங்கள். தாங்க முடியாத கீழ் ஒலியை அதன் தலையில் கட்டாமல் இருந்தால் மற்றதைத் தெளிவாகச் சொல்லும்.

ட்யூனிங்

நம் பெட்டிகளில் ஏழு பேண்டும் பெரும்பாலும் 50, 125, 320, 750, 2,200, 6,000, 16,000 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குப் பக்கத்து எண்களில் இருக்கும். வண்டிக்குள் அவை எப்படிக் கேட்கும் என்று என் காது பழகிய விதத்தில் சொல்கிறேன்.

50இல் இருப்பது நெஞ்சில் இடிக்கும் அடி. சப்ஊஃபர் (கீழ் ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) இல்லாத வண்டியில் இதை ஏற்றுவதால் எதுவும் கிடைக்காது, ஸ்பீக்கர் வீணாக ஆடும். 125இல் பேஸ் கிடாரின் உடம்பும் ஆண் குரலின் அடித்தளமும் இருக்கின்றன. கதவு நடுங்குவதும் இங்கேதான். 320 ஏறிப்போனால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மூடிக்கேட்கும். 750 கூடினால் பாடுகிறவருக்கு மூக்கடைப்பு. 2,200இல் சொல் தெளிவு. 2,000 முதல் 5,000 வரை மனிதக் காது மிகக் கூர்மை, அதனால் சற்றே கூடினாலும் குத்தும். 6,000இல் சிம்பலின் சலசலப்பும் 'ச', 'ஸ' எழுத்துகளின் சீறலும். 16,000 நுனிக் காற்று மாதிரி. வயது ஏற ஏற அந்த உயரத்தில் காது கேட்பது குறைந்துவிடும். எஃப்எம் ரேடியோவில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டே கிடையாது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஃபைலும் பெரும்பாலும் 16,000க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கே நாப்பை ஏற்றினால் ஏறுவது இரைச்சல்தான்.

மூன்று பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கணும். ஒன்று எண்பதுகளின் படப்பாட்டு, பேஸ் கிடார் ஒவ்வொரு நோட்டாகப் பிரிந்து நடக்கிற மாதிரி. மூன்றாவது ஒரு கானா. நம் பக்கத்துக் காது அதில் வளர்ந்தது. சட்டியும் டோலக்கும் எவ்வளவு அடித்தாலும் பாடுகிறவரின் வார்த்தை முன்னால் வரணும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றும் நல்ல தரத்தில் இருக்கட்டும், யாரோ ஃபார்வர்ட் செய்த துண்டு வேண்டாம்.

வண்டியை அமைதியான தெருவில் நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, டிரைவர் சீட்டில் உட்காருங்கள். பக்கத்து ஆளோடு சற்றே குரல் உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கு வால்யூம். குரல் பாட்டைப் போட்டு 320 நாப்பை 6 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள், பிறகு சைபருக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து 750, அப்புறம் 2,200. ஏற்றியபோது எந்த நாப் காதுக்கு அதிகம் ஒவ்வாமல் இருந்ததோ, அந்த இடத்தில்தான் உங்கள் வண்டி ஏற்கெனவே கூடுதலாகச் சத்தம் போடுகிறது. அதை 2, 3 டெசிபல் இறக்குங்கள். எந்த வண்டியில் எது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கண்ணாடி, சீட்டுத் துணி, கதவின் வடிவம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. மாமா வண்டியில் 320உம் 2,200உம். முதலாவதை 4 இறக்கினோம், அடுத்ததை 2.

இறக்கியதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னாடா, எதையும் ஏத்தவே இல்ல, பாட்டு முன்னாடி வந்து நிக்குது!"

அதுதான் நடக்க வேண்டியது. நடுவில் அடைத்திருந்தது விலகினால் பேஸும் ட்ரெபிளும் தாமாகவே வெளியே தெரியும். மொத்தச் சத்தம் குறைந்தது போலிருந்தால் வால்யூமை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் ஏதாவது குறைவாகத் தோன்றினால் 2 டெசிபல், அதிகபட்சம் 3, ஏற்றலாம். இரண்டாவது பாட்டில் 125ஐப் பாருங்கள், நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி 'பூம்' என்று உருண்டால் இறக்க வேண்டும். கானாவில் 6,000. சட்டியின் அடி சாட்டை மாதிரி விளாசினால் அதிகம், சாக்குமூட்டையைத் தட்டுவது போல இருந்தால் குறைவு.

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி ஒரு டீ குடியுங்கள். காது எதற்கும் பழகிவிடும், கெட்ட சத்தத்துக்கும் பழகிவிடும். மறுநாள் காலை புதுக்காதோடு கேட்டு மாற்றுவதுதான் நிற்கும்.

சில வண்டிகளில் 125ஐ ஏற்ற ஏற்ற டிரைவர் சீட்டில் மட்டும் எதுவும் கூடாது, பின்சீட்டில் அதிரும். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி உங்கள் தலை இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழிக்கிறது என்று அர்த்தம். நாப்பால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, ஸ்பீக்கரின் கோணத்தையோ இடத்தையோதான் மாற்ற வேண்டும். அதேபோல் வலது ஸ்பீக்கர் இடதைவிட உங்களுக்கு ஒரு மீட்டர் கிட்டே இருந்தால் அதன் சத்தம் சுமார் 3 மில்லிசெகண்ட் முன்னால் வரும். பாட்டு வலதுபக்கம் சாய்ந்து கேட்க அதுவும் ஒரு காரணம். பேலன்ஸைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிச் சமாளியுங்கள்.

ரோட்டில்

நிறுத்தி வைத்துச் செய்தது பாதி வேலை. ஓடும்போது டயர், இன்ஜின், காற்று மூன்றின் இரைச்சலும் கீழ் ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு தடவை போய் வாருங்கள், வழக்கமான வேகத்தில், ஏசியோடு. பேஸ் மெலிந்து தெரிந்தால் 125ஐ 1 அல்லது 2 டெசிபல் கூட்டலாம். ஓட்டிக்கொண்டே நாப்பைத் தொடாதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைத் திருகச் சொல்லுங்கள்.

லாரி இரைச்சலை ஜெயிக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது மாமாவின் பழைய பழக்கம். நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது காதுக்குப் பாதுகாப்பு எல்லையாக வைக்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரே மணி நேரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் வரும்போது வால்யூமைத் தணித்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் உள்ளே படுத்திருப்பவர்களுக்காகத் தணிக்க வேண்டியதுதான்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் 'உய்ங்' சத்தம் வந்தால், ஆம்பிலிருந்து ஆர்சிஏ கேபிளை உருவுங்கள். சத்தம் நின்றால் கோளாறு முன்னால், ஈக்வலைசரிலோ ஸ்டீரியோவிலோ கேபிள் போகும் பாதையிலோ. நிற்கவில்லையென்றால் ஆம்பின் எர்த்தில் அல்லது பவர் ஒயரில். அடுத்து ஈக்வலைசர் இன்புட்டை உருவிப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக முன்னே போனால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். இரைச்சலை அடக்க ஃபில்டர் வாங்கி மாட்டுவதை கடைசிக்கு வையுங்கள், பத்தில் ஒன்பது தடவை எர்த் போல்ட்டில்தான் விஷயம் இருக்கும்.

எல்லாம் திருப்தியானதும் நாப்களைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வண்டியைத் துடைக்கிறவர், பின்சீட்டுக் குழந்தை, சர்வீசுக்கு விட்ட இடம், யாராவது கட்டாயம் திருகிவிடுவார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி ஜெல்லி தடவுங்கள். மாமா வண்டிக்குப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.